கிரேக்கச் சிந்தனையில் அறம், நீதி, செல்வம்: உழைத்தவர் பக்கமிருந்து ஒரு வாசிப்பு



ஒரு தலித் இலக்கிய மேடையில், அதுவும் நினைவுச் சொற்பொழிவில், பண்டைய கிரேக்கர்களைப் பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். அதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுவது நல்லது. நம் பிள்ளைகள் சட்டக் கல்லூரிக்குள் நுழைந்து நீதி என்றால் என்ன என்று படிக்கத் தொடங்கினால் எதிரே வந்து நிற்பவர் பிளேட்டோ. ஆட்சிப்பணித் தேர்வுக்கு அறவியல் தாள் படித்தால் அரிஸ்டாட்டில். சமூகவியலில் முதுகலைக்குப் போனாலும் இந்தப் பெயர்களைத் தாண்டிப் போக முடியாது. இவர்கள் முன்னால் நாம் இரண்டு விதமாக நடந்துகொள்கிறோம். பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள் என்று கைகட்டி நிற்பது ஒன்று. அடிமைகளை வைத்திருந்தவர்களிடம் நமக்கென்ன பாடம் என்று புத்தகத்தை மூடிவிடுவது இன்னொன்று. இரண்டும் நமக்கு உதவாது. அறம், நீதி, செல்வம் ஆகிய மூன்றைப் பற்றியும் கிரேக்கர்கள் கேட்ட கேள்விகள் கூர்மையானவை. ஆனால் அந்தக் கேள்விகளை அவர்கள் ஓரிடத்தில் நிறுத்திக்கொண்டார்கள். எந்த இடத்தில் நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்று பார்ப்பதும் அங்கிருந்து தொடர்வதும் நம் வேலை.

பெயரில்லாத சிறுவன்

மூன்று சொற்களும் ஒரே இடத்தில் சந்திக்கும் நூல் ஒன்று உண்டு. பிளேட்டோ எழுதிய 'மெனோ' என்னும் உரையாடல். தெஸ்ஸலி நாட்டிலிருந்து ஏதென்ஸுக்கு வந்த செல்வந்த இளைஞன் மெனோ. அறத்தைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று சாக்ரடீஸிடம் கேட்கிறான். முதலில் அறம் என்றால் என்ன என்று நீ சொல் என்கிறார் அவர். மெனோ தயங்காமல் பட்டியல் போடுகிறான். ஆணின் அறம் நகரத்தை நிர்வகிப்பது, பெண்ணின் அறம் வீட்டைப் பார்த்துக்கொண்டு கணவனுக்குப் பணிவது, குழந்தைக்கு ஒன்று, முதியவருக்கு ஒன்று, அடிமைக்கு ஒன்று. ஆளுக்கொரு அறம், நிலைக்கொரு அறம். இந்தப் பட்டியலைக் கேட்டால் நமக்கு வேறொரு பட்டியல் நினைவுக்கு வரும். அதை இங்கே விளக்க வேண்டியதில்லை. சாக்ரடீஸ் அதை ஏற்கவில்லை. தேனீக்கள் பலவகையாக இருக்கலாம், ஆனால் தேனீ என்ற வகையில் எல்லாம் ஒன்றுதானே, அதுபோல எல்லா அறத்துக்கும் பொதுவானது எது என்று கேட்கிறார்.

மடக்கப்பட்ட மெனோ பிறகு வேறொரு விளக்கம் தருகிறான். நல்லவற்றை அடையும் ஆற்றலே அறம் என்கிறான். நல்லவை என்பதில் பொன்னும் வெள்ளியும் அடக்கம். நீதியாக அடைந்தாலா, எப்படி அடைந்தாலுமா என்று சாக்ரடீஸ் கேட்கிறார். நீதியாகத்தான் என்று மெனோ ஒப்புக்கொள்ள வேண்டியதாகிறது. ஆக, செல்வத்தை அறமாக்குவது அதன் அளவு அல்ல, அது வந்த வழி. அநியாயமாக வருமென்றால் அதை அடையாமல் விடுவதே அறம். கிரேக்கச் சிந்தனையின் உயர்ந்த இடங்களில் இது ஒன்று.

அதே நூலில் இன்னொரு காட்சி வருகிறது. கற்றல் என்பது ஆன்மாவில் ஏற்கெனவே இருப்பதை நினைவுகூர்வதுதான் என்று நிரூபிக்க, மெனோவின் பரிவாரத்தில் இருக்கும் அடிமைச் சிறுவன் ஒருவனை சாக்ரடீஸ் அழைக்கிறார். கிரேக்கம் பேசுவானா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறார். மண்ணில் இரண்டடிப் பக்கமுள்ள ஒரு சதுரம் வரைந்து, இதைப்போல இரண்டு மடங்கு பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு என்கிறார். நான்கடி என்கிறான் சிறுவன். அது நான்கு மடங்காகிவிடுகிறது. மூன்றடி என்கிறான். அதுவும் பொருந்தவில்லை. தெரியவில்லை என்கிறான். பிறகு கேள்விகள் வழியே, மூலைவிட்டத்தின் மேல் அமையும் சதுரமே விடை என்பதைத் தானே கண்டு சொல்கிறான். கணிதம் கற்பிக்கப்படாத அடிமைச் சிறுவனுக்கும் எஜமானனுக்கும் அறிவில் பிறவி வேறுபாடு இல்லை என்பதற்கு இதைவிட நேரான சான்று அந்தக் காலத்தில் எங்கும் எழுதப்படவில்லை.

அடுத்து என்ன நடக்கிறது? ஒன்றுமில்லை. சிறுவனின் வேலை முடிந்தது. உரையாடல் மறுபடி மெனோவிடம் திரும்புகிறது. அறத்துக்குப் பொதுவான இலக்கணம் தேடுபவர்களில் ஒருவர்கூட, இப்படி அறியக்கூடிய ஒருவனை உடைமையாக வைத்திருப்பது நீதியா என்று கேட்கவில்லை. சிறுவனுக்குப் பெயர்கூட இல்லை. கிரேக்கர்கள் கேள்வியை நிறுத்திக்கொண்ட இடம் என்று நாம் சொன்னது இதைத்தான்.

அறம் யாருக்குரியது

நாம் அறம் என்று சொல்வதற்குக் கிரேக்கத்தில் 'அரெத்தே' என்று பெயர். ஒரு பொருள் தன் வேலையைச் சிறப்பாகச் செய்யும் தன்மை என்பது அதன் பொருள். கத்திக்கும் அரெத்தே உண்டு, குதிரைக்கும் உண்டு. ஹோமரின் காவியங்களில் அது பெரும்பாலும் போர்வீரனான பிரபுவின் சொத்து. ஒருவன் அடிமையாகும் நாளிலேயே அவனுடைய அரெத்தேயில் பாதியை ஜீயஸ் பறித்துக்கொள்கிறான் என்ற எண்ணம் ஒடிசியில் வருகிறது. அதைச் சொல்பவன் எஜமானன் அல்ல. யூமேயஸ் என்னும் பன்றி மேய்ப்பவன்; குழந்தைப் பருவத்தில் கடத்தப்பட்டு விற்கப்பட்ட அடிமை. ஆதிக்கம் தன் அளவுகோலை ஒடுக்கப்பட்டவரின் வாயிலேயே வைத்துவிடும் என்பதற்கு இவ்வளவு பழைய சான்று நமக்குக் கிடைத்திருக்கிறது.

கி.மு. 700 வாக்கில் பியோஷியாவின் அஸ்க்ரா என்ற ஊரில் வாழ்ந்த ஹெசியாட் வேறு குரலில் பேசினார். அவர் நிலத்தில் பாடுபட்டவர். தந்தையின் சொத்தைப் பிரித்ததில் உடன்பிறந்தவன் பெர்செஸ், பரிசு வாங்கிக்கொண்டு தீர்ப்புச் சொல்லும் தலைவர்களின் துணையோடு அதிகப் பங்கை எடுத்துக்கொண்டான் என்பது அவர் புகார். 'வேலைகளும் நாட்களும்' என்ற அவருடைய நூல் அந்தப் புகாரிலிருந்து எழுகிறது. உழைப்பில் இழிவில்லை, உழைக்காமல் இருப்பதில்தான் இழிவு. பிடுங்கிய செல்வம் நிலைக்காது. வலியவன் சொல்வதே நீதி என்பது விலங்குகளின் விதி, மனிதருக்கு அது பொருந்தாது. இவ்வளவும் அதில் உண்டு. ஆனால் அவருடைய பண்ணையிலும் அடிமைகள் இருந்தார்கள். தன் உழைப்புக்கு மரியாதை கேட்ட விவசாயி, தன் வயலில் நின்ற அடிமைக்கு அதே மரியாதையைத் தரவில்லை. இடைநிலையில் இருப்பவர் மேலே பார்த்து நீதி கேட்பதும் கீழே பார்த்து மௌனமாவதும் இன்றும் நாம் பார்ப்பதுதான்.

சோலோன் பிடுங்கிய கற்கள்

பண்ணைக் கடன் என்றால் என்ன என்று இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏதென்ஸ் அந்த நிலையில்தான் இருந்தது. ஏழைகள் சிலர் விளைச்சலில் ஆறில் ஒரு பங்கோடு கட்டுண்டு 'ஆறிலொரு பங்கினர்' என்றே அழைக்கப்பட்டார்கள். கடனுக்கு ஈடாக உடலையே வைக்கலாம். கட்டமுடியாதவர் தம் பிள்ளைகளோடு விற்கப்படலாம். நிலங்களில் அடமானக் கற்கள் நட்டிருந்தன. ஊர் உள்நாட்டுப் போரின் விளிம்புக்கு வந்த நிலையில், கி.மு. 594இல் சோலோன் ஆட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவர் செய்த காரியத்துக்குக் கிரேக்கத்தில் 'சுமையை உதறுதல்' என்று பெயர். கடன்கள் ரத்து செய்யப்பட்டன. உடலை ஈடாக வைத்துக் கடன் கொடுப்பது தடை செய்யப்பட்டது. வெளிநாடுகளில் விற்கப்பட்டு, தாய்மொழியையே மறந்துபோன ஏதென்ஸ்காரர்களைத் திரும்பக் கொண்டுவந்ததாக அவரே தம் கவிதையில் பதிவு செய்கிறார். கறுப்பு மண்ணில் நட்டிருந்த கற்களைப் பிடுங்கியதற்கு அந்த மண்ணையே சாட்சிக்கு அழைக்கிறார். செல்வம் வேண்டும், ஆனால் அநியாயமாக வரும் செல்வம் வேண்டாம், அதன் பின்னால் தண்டனை வந்தே தீரும் என்பது அவருடைய கருத்து.

ஆனால் அவர் நிலத்தைப் பங்கிடவில்லை. மக்களை ஆண்டு விளைச்சலின்படி நான்கு பிரிவுகளாக்கினார். 500 அளவை விளைவிப்போர் முதல் பிரிவு, 300 விளைவிப்போர் இரண்டாவது, 200 விளைவிப்போர் மூன்றாவது, மற்றக் கூலிகள் எல்லாம் நான்காவது. நான்காம் பிரிவினர் மக்கள் சபையில் உட்காரலாம், பதவிக்கு வரமுடியாது. பிறப்பின் இடத்தில் வருமானம் வந்தது, அது முன்னேற்றம்தான். கதவு மட்டும் முழுவதும் திறக்கவில்லை.

இதற்கு மேல் கவனிக்க வேண்டிய ஒன்றை வரலாற்றாய்வாளர் மோசஸ் ஃபின்லி சுட்டிக்காட்டினார். சொந்த ஊரின் ஏழையை அடிமையாக்க முடியாது என்றான பிறகு பெரிய நிலக்காரருக்கும் பட்டறைக்காரருக்கும் ஆள் எங்கிருந்து வந்தது? திரேஸிலிருந்தும் ஆசியா மைனரிலிருந்தும் விலைக்கு வந்தது. ஏதென்ஸில் குடிமகனின் சுதந்திரமும் வெளியாளின் அடிமைத்தனமும் கைகோத்தே வளர்ந்தன என்பது அவர் வாதம். ஜமைக்காவில் பிறந்த சமூகவியலாளர் ஆர்லாண்டோ பேட்டர்சன் இதை இன்னும் முன்னெடுத்தார். 1982இல் வந்த தம் நூலில் அடிமைத்தனத்தை அவர் 'சமூக மரணம்' என்று வரையறுத்தார். பெற்றோர், முன்னோர், பிள்ளைகள் என்று எந்த உறவுக்கும் உரிமை கோரமுடியாதவராக ஒருவரை ஆக்குவதே அதன் சாரம். சுதந்திரம் என்ற மதிப்பே அடிமைத்தனத்தைப் பார்த்து, அதிலிருந்து விடுபடும் ஏக்கத்தில் பிறந்தது என்றும் அவர் பின்னர் எழுதினார். அப்படியென்றால் சுதந்திரம் என்ற சொல்லுக்கு முதல் உரிமையாளர்கள் தத்துவவாதிகள் அல்லர்.

வெள்ளிச் சுரங்கமும் வீரத்தின் இலக்கணமும்

ஏதென்ஸின் செல்வம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் லாரியம் மலைக்குப் போகவேண்டும். நகரத்துக்குத் தென்கிழக்கே இருந்த வெள்ளிச் சுரங்கம். கி.மு. 483 வாக்கில் அங்கே வளமான படிவு கிடைத்தது. அந்தப் பணத்தைக் குடிமக்களுக்குப் பங்கிடாமல் போர்க்கப்பல்கள் கட்டவேண்டும் என்று தெமிஸ்டோகிளீஸ் வாதாடி வென்றார். 480இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகத்தை வென்றது அந்தக் கப்பல்கள்தான். பாறையில் குடையப்பட்ட, நிமிர்ந்து நிற்க முடியாத சுரங்க வழிகளில் எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் வெள்ளியை வெட்டி எடுத்தவர்கள் பெரும்பாலும் அடிமைகள்.

நிகியாஸ் என்ற தளபதியை எடுத்துக்கொள்வோம். தெய்வபக்திக்குப் பெயர்போனவர். ஊரே மதித்த மனிதர். அவர் 1,000 அடிமைகளை வைத்திருந்து சுரங்க வேலைக்கு வாடகைக்கு விட்டார் என்று செனஃபோன் எழுதுகிறார். வாடகைக்கு எடுத்தவன் சோசியாஸ் என்ற திரேஸ்காரன். ஒப்பந்தம் இது: ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஓர் ஒபோல், செலவெல்லாம் போக. ஆட்களின் எண்ணிக்கையும் குறையக்கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையை நிதானமாகப் படிக்கவேண்டும். ஒருவர் செத்தால் இன்னொருவரைச் சேர்க்கவேண்டும். கணக்கில் எப்போதும் ஆயிரம் இருக்கவேண்டும். சாவு ஒப்பந்தத்துக்குள் ஏற்கெனவே கணக்கிடப்பட்டிருக்கிறது. 6 ஒபோல் ஒரு திராக்மா. ஆகவே நிகியாஸுக்கு உட்கார்ந்த இடத்தில் நாளொன்றுக்கு 166 திராக்மாவுக்கு மேல் வந்தது. தேர்ந்த கைவினைஞர் ஒருவரின் நாள்கூலி அக்காலத்தில் 1 திராக்மா.

இதே நிகியாஸ் பிளேட்டோவின் 'லாகெஸ்' என்ற உரையாடலில் வருகிறார். வீரம் என்றால் என்ன என்று சாக்ரடீஸுடன் உட்கார்ந்து விவாதிக்கிறார். எதற்கு அஞ்சவேண்டும், எதற்கு அஞ்சக்கூடாது என்று அறிந்திருப்பதே வீரம் என்கிறார். நல்ல பதில்தான். அந்தப் பதிலை யோசிக்கும் நேரத்தை அவருக்குக் கொடுத்தவர்கள் லாரியத்தின் ஆயிரம் பேர் என்பதை மட்டும் நூல் சொல்வதில்லை.

வரலாறு அந்தக் கணக்கை ஒருமுறை திருப்பிப் போட்டது. கி.மு. 413இல் ஸ்பார்டாவினர் டெகலேயாவில் கோட்டை கட்டி அமர்ந்தபோது, ஏதென்ஸின் அடிமைகள் 20,000 பேருக்கு மேல் தப்பி ஓடினார்கள், அவர்களில் பெரும்பகுதியினர் கைத்தொழில் தெரிந்தவர்கள் என்று துசிடிடீஸ் பதிவு செய்கிறார். அடிமைகள் தங்கள் நிலையில் நிறைவோடு இருந்தார்கள் என்று இனி யாரும் சொல்லமுடியாது. அதே ஆண்டில் சிசிலியில் ஏதென்ஸின் படை அழிந்தது. நிகியாஸ் கொல்லப்பட்டார். பிடிபட்டவர்கள் 7,000 பேருக்குக் குறையாமல் சிராக்யூஸின் கல்குவாரிகளில் அடைக்கப்பட்டார்கள். பலர் பிறகு விற்கப்பட்டார்கள். சுரங்கத்துக்கு ஆள் அனுப்பிய ஊரின் மக்கள் குவாரிக்குள் நின்றார்கள். அடிமை பிறப்பதில்லை, ஆக்கப்படுகிறான் என்பதற்கு வேறு தத்துவம் தேவையில்லை.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, கி.மு. 409 வாக்கில், ஏதென்ஸின் கோட்டைக் குன்றில் எரெக்தியான் கோயில் வேலை நடந்தது. அதன் கூலிக் கணக்கு கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. நிலை தெரிந்த 86 வேலைக்காரர்களில் குடிமக்கள் 24 பேர், வெளியூரிலிருந்து குடியேறியவர்கள் 42 பேர், அடிமைகள் 20 பேர். ஒரே தூணை மூன்று வகையினரும் சேர்ந்து செதுக்கினார்கள். ஒரே வேலைக்கு ஒரே கூலி, நாளொன்றுக்கு 1 திராக்மா. அடிமையின் கூலி எஜமானனுக்குப் போகும் என்பது மட்டுமே வேறுபாடு. கல்லுக்கு எந்த உளி யாருடையது என்று தெரியவில்லை. இன்று அந்தக் கோயிலைப் பார்த்து, எந்தப் பகுதி அடிமை செதுக்கியது என்று ஒருவராலும் சொல்லமுடியாது.

பிளேட்டோவின் உலோகங்கள், அரிஸ்டாட்டிலின் கருவி

பிளேட்டோவின் 'குடியரசு' நீதி என்றால் என்ன என்று கேட்கும் நூல். அது தொடங்கும்போதே ஒரு அடிமைச் சிறுவன் ஓடிவந்து பின்னாலிருந்து சாக்ரடீஸின் மேலாடையைப் பிடித்து நிறுத்துகிறான். எஜமானன் நிற்கச் சொன்னார் என்கிறான். பேச்சு நடப்பது கெஃபலோஸ் குடும்பத்தின் வீட்டில். கேடயம் செய்யும் பட்டறை வைத்து வளர்ந்த குடும்பம் அது. பின்னாளில் கொடுங்கோலர் முப்பது பேர் அந்தக் குடும்பத்தின் சொத்தைப் பறித்தபோது 700 கேடயங்களும் 120 அடிமைகளும் அதில் இருந்ததாக மகன் லிசியாஸ் நீதிமன்ற உரையில் சொன்னார். முதியவர் கெஃபலோஸ், செல்வத்தின் பெரிய நன்மை யாரையும் ஏமாற்றாமல், கடன்பாக்கி வைக்காமல் சாகமுடிவது என்கிறார். தம் பட்டறையின் 120 பேருக்கு உள்ள பாக்கி அவர் கணக்கில் வரவில்லை.

நீதி என்பது வலியவரின் நலனே என்று திராசிமாக்கஸ் அதே வீட்டில் கத்துகிறான். பிளேட்டோ அவனை மறுக்கிறார். அந்த மறுப்பு நமக்கு முக்கியமானது. ஆனால் அவர் சென்று சேரும் இடம் எது? அவரவர் தம் வேலையைச் செய்து மற்றவர் வேலையில் தலையிடாமல் இருப்பதே நீதி என்ற இடம். அதை நம்பவைக்க ஒரு 'உன்னதப் பொய்' சொல்லலாம் என்கிறார். ஆளுவோரின் உடலில் கடவுள் பொன்னைக் கலந்தான், காவலரிடம் வெள்ளியை, உழவரிடமும் தொழிலாளரிடமும் இரும்பையும் வெண்கலத்தையும் கலந்தான் என்ற கதை. நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். பொன் பெற்றோருக்கு வெண்கலப் பிள்ளை பிறக்கலாம், வெண்கலத்துக்குப் பொன் பிறக்கலாம், அப்போது இடம் மாற்றவேண்டும் என்று பிளேட்டோ சொன்னார். ஆள்வோருக்குச் சொந்தச் சொத்தும் பொன்னும் கூடாது என்றார். தம் கதை பொய் என்பதையும் மறைக்கவில்லை. நம் நாட்டில் இந்த மூன்றுமே இல்லாமல் போயின.

அண்ணல் அம்பேத்கர் 1936இல் எழுதிய 'சாதியை அழித்தொழித்தல்' உரையில் பிளேட்டோவை நேரடியாகவே எதிர்கொண்டார். லாகூரில் பேச அழைத்தவர்கள் பின்வாங்கியதால் அவரே அச்சிட்டு வெளியிட்ட உரை அது. மனிதர்களை மூன்று நான்கு பெட்டிகளில் அடைத்துவிடலாம் என்பது மனிதனைப் பற்றிய மேலோட்டமான பார்வை. ஒவ்வொருவரும் தனித்தன்மை கொண்டவர், ஒருவருக்குள்ளேயே பலவகை ஆற்றல்கள் உண்டு, அதனால் பிளேட்டோவின் திட்டமும் சதுர்வர்ணமும் ஒரே காரணத்தால் தோற்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். கிரேக்கத்தைக் கைகட்டியும் வாசிக்காமல், மூடியும் வைக்காமல், வாதிட்டு வாசிக்கும் முறைக்கு நமக்கு முன்னோடி அவர்தான்.

அரிஸ்டாட்டில் இன்னும் வெளிப்படையானவர். அறம் பிறவியில் வருவதில்லை, பழக்கத்தில் வருகிறது. நீதியான செயல்களைச் செய்து செய்தே ஒருவர் நீதிமானாகிறார் என்றார். பிறப்பே தகுதி என்ற எண்ணத்தின் வேரையே வெட்டக்கூடிய கருத்து இது. பணத்தைப் பெருக்குவதற்காகவே பணம் சேர்ப்பது இயற்கைக்கு மாறானது, அதிலும் வட்டி வெறுக்கத்தக்கது என்றார். ஆனால் அறத்துக்கும் அரசியலுக்கும் ஓய்வு வேண்டும், ஆகவே சிறந்த நகரத்தில் கைத்தொழிலாளரும் உழவரும் குடிமக்களாக இருக்கக்கூடாது என்றும் அவரே சொன்னார். ஓய்வுக்குக் கிரேக்கத்தில் 'ஸ்கோலே' என்று பெயர். நாம் அன்றாடம் சொல்லும் 'ஸ்கூல்' அதிலிருந்து வந்ததுதான். கல்வி என்பது உழைக்கத் தேவையில்லாதவரின் ஓய்வு என்று அந்தச் சொல்லிலேயே எழுதியிருக்கிறது. அந்தச் சொல்லின் பொருளை மாற்றத்தான் நம் முன்னோர்கள் பள்ளிக்கூட வாசலில் போராடினார்கள்.

அடிமை என்பவன் உயிருள்ள கருவி என்றார் அரிஸ்டாட்டில். தறியின் நாடா தானே நெய்யுமானால் எஜமானர்களுக்கு அடிமைகள் தேவைப்படமாட்டார்கள் என்றும் எழுதினார். அதாவது, அடிமை தேவைப்படுவது அவன் இயற்கையால் அல்ல, நம் வேலையால் என்பதை அவரே அறிந்திருந்தார். இயற்கை அடிமைக்கு ஒருவித உடலும் சுதந்திரனுக்கு வேறுவித உடலும் தர விரும்புகிறது, ஆனால் பல சமயம் மாறிப் போய்விடுகிறது என்று தடுமாறுகிறார். அவருடைய உயிலில் அம்ப்ராக்கிஸ் என்ற பெண்ணை விடுதலை செய்து, தம் மகளின் திருமணத்தின்போது 500 திராக்மாவும் ஒரு பணிப்பெண்ணும் கொடுக்கச் சொல்கிறார். விடுதலையானவளுக்குப் பரிசாக இன்னொரு அடிமை. முறையின் பிடி எவ்வளவு இறுக்கமானது என்பதை அந்த ஒரு வரி காட்டிவிடுகிறது.

எதிர்க்குரல்கள்

அது அந்தக் காலம், அப்படித்தான் நினைப்பார்கள் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அது உண்மையல்ல. ஒருவர்மேல் ஒருவர் எஜமானராக இருப்பது இயற்கைக்கு முரண், வெறும் சட்டத்தால் வந்தது, பலாத்காரத்தில் நிற்பதால் நீதியற்றது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள் என்று அரிஸ்டாட்டிலே எழுதுகிறார். பெயரைச் சொல்லவில்லை. நமக்கு ஒரு பெயர் தெரியும். ஸ்பார்டாவின் கீழ் தலைமுறை தலைமுறையாக 'ஹெலட்' என்ற பெயரில் கட்டுண்டு கிடந்த மெஸ்ஸீனிய மக்கள் கி.மு. 369 வாக்கில் விடுதலை பெற்றுத் தங்களுக்கென ஒரு நகரம் அமைத்தார்கள். அவர்களுக்காக எழுதிய உரையில் அல்கிடமாஸ், கடவுள் எல்லோரையும் சுதந்திரமாகவே விட்டான், இயற்கை ஒருவரையும் அடிமையாக்கவில்லை என்ற கருத்தைச் சொன்னார். அந்த உரை அழிந்துபோய் அந்தக் கருத்து மட்டும் பிற்கால உரைக்குறிப்பு ஒன்றில் தப்பியிருக்கிறது. ஆன்டிஃபோன் என்பவர், கிரேக்கரும் அந்நியரும் இயற்கையால் ஒன்றே, எல்லோரும் வாயாலும் மூக்காலும்தானே மூச்சுவிடுகிறோம் என்று கேட்டார். அதுவும் எகிப்தின் குப்பை மேட்டில் கிடைத்த பாப்பிரஸ் துண்டுகளில்தான் மிஞ்சியிருக்கிறது. அடிமைத்தனத்தை நியாயப்படுத்திய நூல் முழுதாக வந்துசேர்ந்தது. மறுத்த நூல் துண்டாக வந்தது. எதை யார் படியெடுத்துப் பாதுகாத்தார்கள் என்பதும் செல்வத்தின் கதைதான்.

சைமன் என்ற செருப்புத் தைப்பவரைப் பற்றி இந்த மேடையில் பேசாமல் இருக்கமுடியாது. சாக்ரடீஸ் அவருடைய பட்டறைக்கு வந்து பேசுவார், சைமன் நினைவில் நின்றவற்றை எழுதிவைப்பார், இப்படி 33 உரையாடல்கள் இருந்தன, அவற்றைத் 'தோல் உரையாடல்கள்' என்று அழைத்தார்கள் என்று டயோஜெனிஸ் லேர்டியஸ் எழுதுகிறார். ஆதரவு தருகிறேன் என்று பெரிக்கிளீஸ் அழைத்தபோது, தம் பேச்சுச் சுதந்திரத்தை விற்கமாட்டேன் என்று சைமன் மறுத்தாராம். ஏதென்ஸ் சந்தைவெளியின் ஓரத்தில் நடந்த அகழாய்வில் காலணி ஆணிகளும் எலும்பு வளையங்களும் சைமனின் பெயர் பொறித்த கோப்பைத் துண்டும் கிடைத்தன. அது அவர் பட்டறையாக இருக்கலாம் என்று ஆய்வாளர் கருதுகிறார்கள். ஆணி கிடைத்தது. உரையாடல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

எபிக்யூரஸின் தோட்டத்தில் அடிமைகளும் பெண்களும் தத்துவம் படித்தார்கள். அவருடன் படித்த ஓர் அடிமையின் பெயர் மீஸ். எலி என்று பொருள். அவரை எபிக்யூரஸ் தம் உயிலில் விடுதலை செய்தார். ஒருவருக்கொருவர் தீங்கு செய்யாதிருக்கும் உடன்பாடே நீதி என்றார் எபிக்யூரஸ். அந்த உடன்பாட்டில் கையெழுத்துப் போடும் உரிமை யாருக்கு என்பது நாம் அவரிடம் கேட்கவேண்டிய கேள்வி. ஸ்டோயிக் மரபில் கிளியாந்தஸ் இரவில் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைத்துப் பகலில் படித்தார். பின் அந்தப் பள்ளிக்கே தலைவரானார். எபிக்டெட்டஸ் அடிமையாகவே பிறந்தவர். நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துப் பார், மனத்தை யாரும் விலங்கிடமுடியாது என்று கற்பித்தார். அந்தப் போதனை அடிபட்டவருக்குத் தெம்பு தரும். ஆனால் அதை அடிமை தனக்குத்தானே சொல்லிக்கொள்வது வேறு, எஜமானன் அடிமைக்குச் சொல்வது வேறு. மனச் சுதந்திரம் போதும் என்று ஆதிக்கச் சாதி நமக்கு உபதேசிக்கும்போது நாம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும்.

நாம் எடுத்துக்கொள்வது

கிரேக்க அடிமைமுறையும் நம் சாதிமுறையும் ஒன்றல்ல. அடிமை வீட்டுக்குள் சமைத்தான், குழந்தையை வளர்த்தான், விடுதலையும் ஆகமுடிந்தது. தீண்டாமைக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது. எது கொடியது என்று அம்பேத்கர் தனிக் கட்டுரையே எழுதி, தீண்டாமையே கொடியது என்று காட்டினார். இந்த வேறுபாட்டை மறக்காமலேயே மூன்று விஷயங்களை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, அறம் என்று யார் பேசினாலும் அதைப் பேசும் ஓய்வு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பது. இரண்டாவது, நீதி என்பது அவரவர் இடத்தில் இருப்பது என்ற விளக்கம் எந்த மொழியில் வந்தாலும், அந்த இடத்தை ஒதுக்கியது யார் என்று கேட்பது. மூன்றாவது, செல்வத்தைப் பற்றி மெனோவிடம் சாக்ரடீஸ் கேட்ட அதே கேள்வி: நீதியாக வந்ததா? இதை அவர்களிடமிருந்தே எடுத்து, அவர்கள் நிறுத்திய இடத்துக்கு அப்பாலும் கொண்டுபோவது.

கடைசியாக ஒன்று. ஏதென்ஸின் சந்தைவெளிக் கிணறு ஒன்றில் ஒரு சிறிய ஈயத் தகடு கிடைத்தது. கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. லெசிஸ் என்ற சிறுவன் தன் தாய்க்கும் செனோகிளீஸ் என்பவருக்கும் அனுப்பிய கடிதம். தான் உலோகப் பட்டறை ஒன்றில் செத்துக்கொண்டிருப்பதாகவும், கொடியவன் ஒருவனிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பதாகவும், கட்டிவைத்துச் சவுக்கால் அடிப்பதாகவும் சொல்கிறான். எஜமானர்களிடம் பேசித் தனக்கு வேறு இடம் பாருங்கள் என்று மன்றாடுகிறான். அவன் அடிமையாக இருக்கலாம், தொழில் பழகவந்த குடியேறிகளின் பிள்ளையாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் விவாதிக்கிறார்கள். பிளேட்டோ எழுதிக்கொண்டிருந்த அதே காலம், அதே ஊர். நீதியைப் பற்றிப் பத்துப் பகுதிகள் கொண்ட நூல் எழுதப்பட்ட ஊரில், நீதி கேட்டு ஒரு சிறுவன் அனுப்பிய சில வரிகள் கிணற்றுக்குள் கிடந்தன.

இனி நீதியைப் பற்றி வகுப்பெடுப்பவர்கள் இரண்டையும் சேர்த்தே பாடம் நடத்தவேண்டும் என்று நாம் கோருவோம். 'குடியரசு' நம் பிள்ளைகளின் மேசையில் இருக்கட்டும், லெசிஸின் கடிதமும் அதன் பக்கத்தில் இருக்கட்டும். மெனோவின் அடிமைச் சிறுவன் கணக்கைச் சரியாகப் போட்டான் என்பதோடு பாடம் முடியவேண்டாம். அவன் பெயர் என்ன, அன்று மாலை அவன் எங்கே போனான் என்று நம் பிள்ளைகள் ஆசிரியரைக் கேட்கட்டும்.